மாடிப்படிக்கு அடியில் ஒரு பாத்ரூம்

"சார், பிளான் இருக்கு, 3டி மட்டும் போட்டுக் கொடுங்க" என்று கிருஷ்ணகிரியில் என் ஆபீஸுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது வீட்டின் முகப்புப் படத்தைத்தான், அதுவும் சாயங்கால வெளிச்சம், பால்கனியில் பூந்தொட்டி, வாசலில் அவர்களிடம் இல்லாத ஒரு கார் சகிதம். சொந்தக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பலாம், பெயின்ட் கலர் முடிவு செய்யலாம். மேஸ்திரிக்கு அதனால் ஒரு உபயோகமும் இல்லை.

நான் சொல்லும் 3டி வேறு, முழு வீட்டையும் கம்ப்யூட்டருக்குள் கட்டிப் பார்க்கும் மாடல். 1982-ல் ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருள் வந்தபோது டிராயிங் போர்டில் இருந்த கோடு ஸ்கிரீனுக்குப் போனது, அவ்வளவுதான். ரெவிட் மாதிரி மென்பொருளில் சுவர் போட்டால் அதன் உயரம், கனம், செங்கல்லா ஹாலோ பிளாக்கா என்பது வரை கூடவே வரும். ஜன்னலை ஓரடி நகர்த்தினால் பிளான், எலிவேஷன் (நேர்த்தோற்றம்), செக்‌ஷன் (வீட்டைக் குறுக்கே வெட்டிக் காட்டும் படம்) எல்லாம் தானாக மாறும். பில்டிங் இன்ஃபர்மேஷன் மாடலிங், சுருக்கமாக பிம் என்கிறார்கள் இதை.

இதன் அருமை எனக்குப் புரிந்தது ஒரு பாத்ரூமால். தர்மபுரி பக்கம் ஒரு வீடு, மாடிப்படிக்கு அடியில் பாத்ரூம், நம்ம ஊரில் வழக்கமாகக் கேட்பதுதான். பிளானில் 4க்கு 6 அடி, கச்சிதமாக உட்கார்ந்தது. பிளானில் உயரம் தெரியாதே! மாடலை வெட்டிப் பார்த்தால், தளத்துக்குத் தளம் 10 அடி, படி 6 அங்குலம், மொத்தம் 20 படி, பாதியில் லேண்டிங் (படி திரும்பும் மேடை) வைத்தால் அது 5 அடியில் நிற்கிறது, ஸ்லாப் கனம் அரை அடி போனால் உள்ளே நாலரை அடிதான். வீட்டுக்காரர் குனிந்துகொண்டே குளிக்க வேண்டியது. லேண்டிங்கை 15-வது படிக்குத் தூக்கினோம், 7 அடி கிடைத்தது, ஆனால் படி ஓடும் நீளம் கிட்டத்தட்ட 12 அடியாகி ஹாலைக் கொஞ்சம் தின்றுவிட்டது. வீட்டம்மா முனகினார். அப்புறம் அவரே, "சென்ட்ரிங் அடிச்ச பிறகு தெரிஞ்சிருந்தா?" என்று கேட்டுவிட்டு ஒத்துக்கொண்டார்.

கூரையைத் தாங்கும் கான்கிரீட் பீமும் அப்படித்தான். மேல்மாடி டாய்லெட்டின் 4 அங்குல பைப் பீமைக் குறுக்கே வெட்டினால் மாடலில் முன்கூட்டியே தெரியும். தெரியாவிட்டால் பிளம்பர் சுத்தியலோடு வந்து கான்கிரீட்டை உடைத்து, போதாததற்குக் கம்பியையும் அறுப்பார். அதனால் 3டி கேட்கும்போது படிக்கட்டு செக்‌ஷனையும் கேளுங்கள், பைப் எந்த வழியாக இறங்குகிறது என்றும் கேளுங்கள். முகப்புப் படம் பிறகு வரட்டும்.

ஒரே ஒரு விஷயத்தில் மாடலை நம்பாதீர்கள், நம்ம ஊர்ப் பாறை. கம்ப்யூட்டரில் செப்டிக் டேங்க் எங்கே வைத்தாலும் இறங்கிவிடும். மனையில் மூன்றடி தோண்டியதும் பாறை தட்டினால் டேங்க் இடம் மாறும், பைப்பின் வாட்டம் மாறும், பாத்ரூம் தரைமட்டம் வரை திருத்த வேண்டும். ஒருமுறை பட்டுவிட்டேன். இப்போதெல்லாம் ஜேசிபி வந்து ஒரு குழி தோண்டிக் காட்டிய பிறகுதான் கம்ப்யூட்டர் பக்கமே போகிறேன்.