பண்ணைக்கு லைசென்ஸ் இருக்கிறது, உங்கள் விசாவுக்கு?

லாங் வீக்கெண்ட் நெருங்கினால் எனக்கு வரும் கேள்விகளில் இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. "கலிஃபோர்னியாவில் கஞ்சாப் பண்ணையைச் சுற்றிக் காட்டுகிறார்களாம், லைசென்ஸ் உள்ள இடம்தான், ஒயின் தோட்டத்துக்குப் போவது மாதிரிதானே, போகலாமா?" கேட்பவர் பெரும்பாலும் எச்-1பி வேலை விசாவில் இருப்பார், இல்லையென்றால் கிரீன் கார்டு வரிசையில் வருடக்கணக்காக நிற்பவராக இருப்பார். சில சமயம், பார்வையாளர் விசாவில் வந்திருக்கும் அப்பா அம்மாவையும் காரில் ஏற்றிக்கொண்டு போகும் திட்டம் வேறு இருக்கும். இமிகிரேஷன் வழக்குகள் மட்டுமே பார்க்கும் வக்கீல் நான். போய்ப் பார்ப்பதில் தப்பில்லை என்றுதான் சொல்வேன். ஆனால் மாநில அரசு கொடுத்த லைசென்ஸ் அந்தப் பண்ணைக்காரருக்கு உதவும், கூட வரும் அமெரிக்கக் குடிமகனான உங்கள் நண்பருக்கும் ஏறக்குறைய உதவும், விசாவில் இருக்கும் உங்களுக்கு மட்டும் ஒன்றுக்கும் உதவாது.

முதலில் அந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம். வடக்கு கலிஃபோர்னியாவில் ஹம்போல்ட், மெண்டசினோ, டிரினிட்டி என்று மூன்று கவுண்டிகள், மூன்றையும் சேர்த்து எமரால்டு டிரையாங்கிள் என்பார்கள். 1960, 70களில் நகரத்து வாழ்க்கை வேண்டாம் என்று மலைக்காட்டுக்குள் குடியேறியவர்கள் மறைவாக நாலு செடி வைத்ததில் ஆரம்பித்த தொழில். 1983 முதல் அறுவடைக் காலம் வந்தாலே போலீஸ் ஹெலிகாப்டர் தலைக்கு மேல் சுற்றும், இறங்கிச் செடிகளை வேரோடு பிடுங்கிக்கொண்டு போவார்கள். 1996ல் மருத்துவத் தேவைக்கு அனுமதி வந்தது, 2016 நவம்பர் வாக்கெடுப்பில் 21 வயது நிறைந்த எல்லாருக்கும் என்று ஆனது, 2018 ஜனவரி 1 முதல் கடை விற்பனை. சட்டப்படி ஆன பிறகுதான் கொடுமையே. பெரிய முதலீட்டுக் கம்பெனிகள் உள்ளே வர, 2021க்குப் பிறகு மொத்த விலை தலைகுப்புற விழ, ஹெலிகாப்டருக்கே தப்பித்த குடும்பங்கள் பல, வரியும் கட்டணமும் கட்டி மாளாமல் பண்ணையை மூடிவிட்டன. தாக்குப்பிடிக்கிறவர்களில் சிலர்தான் இப்போது சுற்றுலாப் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். அதனால் உங்களை ஆசையாக வரவேற்பார்கள், கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்வார்கள்.

பார்க்க வேண்டியதும் நிறைய உண்டு, அதை நான் மறுக்கவில்லை. பூக்கத் தொடங்கிய ஒவ்வொரு செடியிலும் மாநில அரசின் எண் பொறித்த பிளாஸ்டிக் பட்டை தொங்கும், விதையிலிருந்து கடை வரை அந்த எண்ணை வைத்துக் கணக்குப் பார்க்கிறார்கள். இந்தச் செடி பூக்க நீண்ட இரவு வேண்டும் என்பதால், கோடையிலேயே அறுவடை எடுக்க நினைப்பவர்கள் வெளிச்சம் இருக்கும்போதே பசுமைக்குடிலின் மேல் கறுப்புத் தார்ப்பாயை இழுத்து மூடி இருட்டாக்கிவிடுவார்கள், தினமும், நேரம் தவறாமல். ஆண் செடி ஒன்று கண்ணில் பட்டால் உடனே பிடுங்கிவிடுவார்கள், மகரந்தம் பட்டால் பூவெல்லாம் விதை பிடித்து விலை போகாது. பூவின் மேல் சர்க்கரை தூவினாற்போல இருப்பவை பிசின் சுரப்பிகள், கையில் ஒரு லென்ஸ் கொடுத்துப் பார்க்கச் சொல்வார்கள், கண்ணாடி போல இருந்தது பால் நிறமாகி அப்புறம் தேன் நிறத்துக்குத் திரும்புவதை வைத்துத்தான் அறுவடை நாளைக் குறிக்கிறார்கள். பச்சைச் செடியைத் தொட்டதாலோ மோந்து பார்த்ததாலோ போதை ஏறிவிடாது, அதிலிருக்கும் அமிலம் சூடுபட்டால்தான் போதை தரும் பொருளாக மாறும்.

இதுவரைக்கும் ஒரு பிரச்சினையும் இல்லை. செடியைப் பார்ப்பது எந்தச் சட்டத்திலும் குற்றமில்லை.

பிரச்சினை இனிமேல்தான். மாநிலம் என்ன சட்டம் போட்டாலும், 1970ல் வந்த ஃபெடரல், அதாவது மத்திய அரசின், போதைப்பொருள் சட்டத்தில் கஞ்சா இன்னும் கட்டுப்படுத்தப்பட்ட பொருள்தான். விசா, கிரீன் கார்டு, குடியுரிமை மூன்றுமே ஃபெடரல் அரசின் கையில் இருப்பவை. நம் மக்கள் "என் மேல் கேஸ் எதுவும் இல்லையே சார்" என்பார்கள். கேஸ் வேண்டாம், கைது வேண்டாம், தண்டனையும் வேண்டாம். போதைப்பொருள் சட்டத்தை மீறும் ஒரு செயலைச் செய்தேன் என்று நீங்களே அதிகாரியிடம் ஒப்புக்கொண்டால் அதுவே உங்களை நாட்டுக்குள் விடாமல் இருக்கப் போதும், குடியேற்றச் சட்டத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. ஒப்புதல் செல்லுபடியாவதற்குச் சில நிபந்தனைகள் உண்டு என்று 1957லேயே குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் தீர்ப்பு சொல்லியிருக்கிறது, எந்தக் குற்றம் என்று முன்னதாகவே புரியும்படி விளக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. பதினாறு மணி நேரம் பறந்து வந்து தூக்கக் கலக்கத்தில் நிற்கும்போது அதையெல்லாம் எடுத்துச் சொல்லி வாதாட யாரால் முடியும்?

ஒப்புக்கொள்வது என்றதும் ஏதோ விசாரணை அறையில் விளக்கைப் போட்டுக் கேட்பதாக நினைக்காதீர்கள். என்னிடம் வரும் ஃபைல்களில் அதிகமாகப் பார்ப்பது கிரீன் கார்டுக்கான மருத்துவப் பரிசோதனையில் நடந்ததைத்தான். தடுப்பூசி விவரம் கேட்டுக்கொண்டே டாக்டர், சிகரெட் உண்டா, மது உண்டா, வேறு ஏதாவது உண்டா என்று அதே குரலில் கேட்பார். டாக்டர்தானே என்று நம்மவரும் "போன மாதம் ஒரு பண்ணைக்குப் போயிருந்தோம், சும்மா ட்ரை பண்ணினேன், அங்கே லீகல்தான்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார். அந்தப் படிவம் உறையில் போட்டு ஒட்டப்பட்டு நேராகக் குடியேற்றத் துறைக்குப் போகிறது. டாக்டர் அதைப் போதைப்பொருள் பழக்கம் என்று மதிப்பிட்டு எழுதிவிட்டால், குறைந்தது 12 மாதம் தொடாமல் இருந்து மறுபடி பரிசோதனைக்குப் போக வேண்டும். இத்தனை வருடம் காத்திருந்து தேதி வந்த நேரத்தில் இந்த 12 மாதம் என்னவெல்லாம் செய்யும் என்று வரிசையில் நிற்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அப்புறம் போன். 2019லிருந்து விசா விண்ணப்பத்தில் சமூக ஊடகக் கணக்குப் பெயர்களைக் கேட்கிறார்கள். எல்லையில் அதிகாரிகள் வாரண்ட் இல்லாமலே போனை வாங்கிப் பார்க்க முடியும். செடிக்குப் பக்கத்தில் நின்று எடுத்த படம் தனியாக ஒன்றுமில்லை, அதன் கீழே நண்பர்கள் குழுவில் நீங்கள் எழுதிய இரண்டு வரி இருக்கிறதே, அதை வைத்துத்தான் கேள்வி ஆரம்பிக்கும்.

"அனுபவம்" என்று சேர்த்து விற்கப்படும் சமாச்சாரங்களில்தான் நான் கோடு போடச் சொல்வேன். பூவை ஒட்டிய சின்ன இலைகளைக் கத்தரியால் நறுக்கிச் சீர்செய்ய வைப்பார்கள், விரல் முழுக்க பிசின் ஒட்டிக்கொள்ளும், ஜாலியாகத்தான் இருக்கும். விசாவில் இருப்பவர் அதைத் தவிர்ப்பதே நல்லது, அதற்குப் பதிலாகத் தங்குமிடம் இலவசம் என்றால் அனுமதியில்லாத வேலை என்ற இன்னொரு தலைவலியும் கூடச் சேரும். வாங்குவதும் வேண்டாம். வளர்க்கும் லைசென்ஸ் மட்டும் வைத்திருக்கும் பண்ணை உங்களுக்கு நேரடியாக விற்கவே முடியாது, அதற்குச் சில்லறை விற்பனை அனுமதி தனியாக வேண்டும், ஆகவே யாராவது கையில் ஒரு பொட்டலம் திணித்தால் அது மாநிலச் சட்டத்துக்கே புறம்பானது. சட்டப்படி வாங்கியதாகவே இருக்கட்டும், கலிஃபோர்னியாவில் பெரியவர்கள் 28.5 கிராம் வரை வைத்திருக்கலாம்தான், ஆனால் அந்தப் பக்கம் போகிறவர்கள் அப்படியே 101 நெடுஞ்சாலையில் வடக்கே ரெட்வுட் தேசியப் பூங்காவுக்கும் போவார்கள் இல்லையா, அது ஃபெடரல் நிலம். அங்கே பையில் இருந்தால் முதல் தடவையே ஒரு வருடம் வரை சிறை, குறைந்தது 1,000 டாலர் அபராதம் என்று சட்டம் சொல்கிறது. 2022 அக்டோபரில் ஜனாதிபதி பைடன் இந்த மாதிரிக் குற்றங்களுக்குப் பொதுமன்னிப்பு கொடுத்தார், 2023 டிசம்பரில் ஃபெடரல் நிலத்தில் நடந்ததையும் சேர்த்தார். அந்த மன்னிப்பு குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும்தான். எச்-1பிக்கு அதில் இடமில்லை.

கிரீன் கார்டு வந்துவிட்டது, இனி நமக்கென்ன என்று இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 30 கிராமுக்குள் சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்ததாக ஒரே ஒரு முறை தண்டனை பெற்றால் நாடுகடத்தலிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் வெளிநாடு போய்த் திரும்பி வரும்போது நுழைவுக்கான விதி வேறு, அங்கே அந்த விலக்கு கிடையாது. குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போதோ இன்னும் சிக்கல். மாநிலத்தில் சட்டப்படியான கஞ்சாத் தொழிலில் வேலை பார்ப்பதுகூட குடியுரிமைக்குத் தேவையான நன்னடத்தைக்குத் தடையாகலாம் என்று 2019 ஏப்ரலில் குடியேற்றத் துறை வழிகாட்டுதலே வெளியிட்டது. பண்ணையில் பேச்சு சூடுபிடித்து "கொஞ்சம் பணம் போடுகிறீர்களா" என்று கேட்டால், சுவாரஸ்யமாகத்தான் இருக்கும், போடாதீர்கள். போதைப்பொருள் கடத்தலுக்கு உதவியவர் என்று நம்பக் காரணம் இருந்தாலே போதும் என்கிற பிரிவு ஒன்று குடியேற்றச் சட்டத்தில் இருக்கிறது, அதற்குத் தண்டனையும் வேண்டாம், உங்கள் ஒப்புதலும் வேண்டாம். தெரிந்தே அந்தப் பணத்தில் கடந்த 5 வருடத்துக்குள் பலனடைந்த மனைவி, பிள்ளைகள் வரை அது நீளும்.

கஞ்சா கலந்த ஜெல்லி மிட்டாய் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போதை தரும் பொருள் ஒரு துண்டில் 10 மில்லிகிராம், பாக்கெட்டுக்கு 100 என்பது கலிஃபோர்னியாவின் உச்சவரம்பு. ஏறுவதற்கு இரண்டு மணி நேரம்கூட ஆகலாம் என்பதால் ஒன்றும் ஆகவில்லையே என்று இன்னொன்றைப் போட்டுக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள், போதையில் வண்டி ஓட்டிய வழக்கு விசாவையே ரத்து செய்யவைக்கும். மிச்சத்தை அம்மாவின் பெட்டியில் போட்டு அனுப்பிவிடாதீர்கள், சாக்லேட் டப்பாவோடு கலந்து போன கதையெல்லாம் உண்டு. இந்தியாவில் 1985ஆம் வருடப் போதைப்பொருள் சட்டம் காத்திருக்கிறது. சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் உபயோகித்தால்கூட ஊர் திரும்பிய பிறகு வழக்குப் போடலாம், 10 வருடம் வரை தண்டனை.

சரி, ஏற்கெனவே போய் உபயோகித்தும் ஆகிவிட்டது என்றால்? பொய் சொல்லலாமா என்றுதான் எல்லாரும் முதலில் கேட்பார்கள். கூடவே கூடாது. பொய் சொல்லி விசாவோ நுழைவோ வாங்கினால் அது வாழ்நாள் தடை, அதற்கு விலக்கு வாங்குவது பல சமயம் கஞ்சாவைவிடக் கஷ்டம். அதற்காக நீங்களாகப் போய் எல்லாவற்றையும் கொட்டவும் வேண்டாம், பதில் சொல்ல மறுக்கலாம், விசாவில் இருப்பவரை அதற்காகத் திருப்பி அனுப்பும் வாய்ப்பு உண்டு என்பதையும் தெரிந்துகொண்டு மறுக்க வேண்டும். சுற்றிப் பார்த்தேன், அவ்வளவுதான் என்பது உண்மையானால் அதைத் தாராளமாகச் சொல்லலாம். எழுதிக் கொடுத்ததைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள், திரும்பிப் போ என்றாலும் சரி. மருத்துவப் பரிசோதனைக்கோ, குடியுரிமை விண்ணப்பத்துக்கோ, வெளிநாட்டுப் பயணத்துக்கோ தேதி வைப்பதற்கு முன்னால் ஒரு இமிகிரேஷன் வக்கீலிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள், அங்கே பேசுவது வெளியே போகாது. டிக்கெட் போட்ட பிறகு ஏர்போர்ட் போகும் வழியில் போன் செய்தால் என்னால் பெரிதாக ஒன்றும் செய்ய முடிவதில்லை.