சிறுநீரில் எழுதப்படும் எலும்புக் கணக்கு

வளர்ந்த மனிதரின் உடம்பில் ஏறக்குறைய ஒரு கிலோ கால்சியம் இருக்கிறது. அதில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும். எலும்புக்குள் ஒரு பக்கம் இடிப்பு, மறுபக்கம் பூச்சு என்று வேலை ஓயாமல் நடக்கும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இடிப்பு முந்திக்கொள்கிறது. இதைத் தடுக்க மருந்து கொடுத்தால், பலன் ஸ்கேனில் தெரிய ஓராண்டோ அதற்கு மேலோ ஆகும். சிறுநீரில் வரும் கால்சியத்தை அளக்கலாமே என்றால், அது நேற்றுக் குடித்த பாலிலிருந்து வந்ததா, எலும்பிலிருந்து கரைந்து வந்ததா என்று எப்படிச் சொல்வது?

எலும்பிலுள்ள கால்சியத்துக்கு ஓர் அடையாளம் இட வேண்டும். அதற்கு வாய்த்ததுதான் கால்சியம்-41 என்ற கதிரியக்க வகைக் கால்சியம். இயற்கையில் இது இல்லை என்றே சொல்லிவிடலாம். அணு உலையில் சாதாரணக் கால்சியத்தின் மீது நியூட்ரான்களைப் பாய்ச்சி உண்டாக்குகிறார்கள். அரை ஆயுள், அதாவது பாதி அணுக்கள் சிதைய ஆகும் காலம், சுமார் ஒரு லட்சம் ஆண்டுகள். ஒருவருக்குக் கொடுப்பது ஏறக்குறைய ஒரு மைக்ரோகிராம். சிதையும்போது வருவதும் வலுவற்ற எக்ஸ் கதிர்தான் என்பதால் கதிரியக்க பயம் வேண்டாம்.

சாதுவான இந்தக் குணமே அளப்பவருக்குத் தலைவலி. ஒரு சிறுநீர் மாதிரியிலிருந்து 5 மில்லிகிராம் கால்சியம் பிரித்தெடுத்தோம், அதில் பத்தாயிரம் கோடி அணுக்களுக்கு ஒன்று கால்சியம்-41 என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டால் மொத்தம் 75 கோடி அணுக்கள் தேறும். அவற்றில் ஒன்று சிதைய சராசரியாக ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் காத்திருக்க வேண்டும். அந்த மெல்லிய எக்ஸ் கதிர் கருவிக்கு எட்டுமா என்பது வேறு கவலை.

ஆகவே சிதைவுக்குக் காத்திராமல் அணுக்களையே எண்ணிவிடுகிறார்கள். அந்த முறைக்குப் பெயர் முடுக்கி நிறை நிறமாலை அளவியல், சுருக்கமாக ஏ.எம்.எஸ். கீழடியில் கிடைத்த கரித்துண்டுகளின் காலத்தை அமெரிக்காவின் மியாமி ஆய்வகம் கணித்துச் சொன்னதும் இதே முறையில்தான். அங்கே எண்ணப்பட்டது கார்பன்-14.

கால்சியத்தில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. பொட்டாசியம்-41க்கும் கால்சியம்-41க்கும் நிறை வித்தியாசம் கிட்டத்தட்ட லட்சத்தில் ஒரு பங்குதான். சிறுநீரிலோ பொட்டாசியத்துக்குப் பஞ்சமே இல்லை. வேதியியல் முறையில் எவ்வளவு சுத்தம் செய்தாலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். இங்கே கைகொடுப்பது ஃபுளோரின். கால்சியத்தைக் கால்சியம் ஃபுளோரைடாக்கி, வெள்ளிப் பொடியோடு கலந்து, அதன் மேல் சீசியம் அயனிகளை மோதவிடுவார்கள். கால்சியம் அணு மூன்று ஃபுளோரினோடு சேர்ந்து எதிர்மின் அயனியாக எளிதில் வெளியேறும். பொட்டாசியத்துக்கு அந்தக் கூட்டு சரிப்படாது. பெரும்பகுதி வாசலிலேயே நின்றுவிடும். இந்தக் கருவியில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். காந்தமும் மின்புலமும் செய்யத் திணறும் வேலையை ஒரு வேதிப் பிணைப்பு செய்துவிடுகிறது.

உள்ளே வந்த அயனிகளைப் பல மில்லியன் வோல்ட் நேர்மின்னழுத்தம் இழுக்கும். நடுவில் ஒரு மெல்லிய தகடோ வாயுவோ குறுக்கிடும். அதை ஊடுருவும்போது மூலக்கூறுகள் சிதறி, அணுக்கள் எலக்ட்ரான்களை இழந்து நேர்மின் அயனிகளாகும். இதுவரை இழுத்த அதே மின்னழுத்தம் இப்போது வெளியே தள்ளும். ஒரே மின்னழுத்தத்தில் இரட்டை உந்துதல். அடுத்து வரும் காந்தங்கள் வேண்டாதவற்றை ஒதுக்கும். கடைசியில் வாயு நிரம்பிய கண்டறிவான். அதில் 20 புரோட்டான் கொண்ட கால்சியமும் 19 புரோட்டான் கொண்ட பொட்டாசியமும் வெவ்வேறு வேகத்தில் ஆற்றலை இழப்பதால், மிச்சமிருக்கும் பொட்டாசியமும் பிடிபடும். சில நிமிடங்களில் எண்ணிக்கை கைக்கு வந்துவிடும்.

கலிஃபோர்னியாவின் லிவர்மோர் ஆய்வகத்திலும் இண்டியானாவின் பர்டியூ பல்கலைக்கழகத்திலும் இப்படி அளந்திருக்கிறார்கள். கால்சியம்-41 கொடுத்த பின் முதல் சில மாதங்கள் பொறுத்திருக்க வேண்டும். இரத்தத்திலும் தசையிலும் உள்ள கால்சியம்-41 வெளியேறிய பிறகு, சிறுநீரில் வருவது பெரும்பாலும் எலும்பிலிருந்து கரைந்தது. ஒரே ஒரு முறை கொடுத்தது ஆண்டுக்கணக்கில் பேசிக்கொண்டிருக்கும். பர்டியூ குழு 2009இல் வெளியிட்ட ஆய்வில், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 50 நாள் ஒரு சிகிச்சை, பிறகு இடைவெளி, பிறகு அடுத்த சிகிச்சை என்று மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். அதனால் ஒவ்வொரு பெண்ணின் அளவையும் அவருடைய முந்தைய அளவோடே ஒப்பிட முடிந்தது. ஈஸ்ட்ரஜனும் ரிசெட்ரோனேட் மருந்தும் எலும்புக் கரைவை 20 சதவீதத்துக்கு மேல் குறைத்தன. கடைகளில் எலும்புக்கு நல்லது என்று விற்கப்படும் சோயா சத்துகள் அதில் பாதியைக்கூட எட்டவில்லை.