கீசர் மாட்டப் போறீங்களா? புது லைன் இழுக்க ரூல் என்ன சொல்லுது

மார்கழி பொறந்துட்டா நம்ம வடசென்னையில கூட காலைல வெந்நி இல்லாம முடியல, அதுவும் வீட்ல பச்ச உடம்புக்காரியோ வயசானவங்களோ இருந்தா உடனே ஒரு கீசர் வாங்கிடறோம். வாங்குறது சரி, அத யாரு மாட்டலாம்னு ஒரு ரூல் இருக்கு, அது நம்ம ஏரியால நிறைய பேருக்கு தெரியல.

மத்திய மின்சார ஆணையம் 2023ல போட்ட பாதுகாப்பு விதில இது இருக்கு. பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்சு மாத்துறது, பழைய கீசர கழட்டிட்டு அதே பாயிண்டுல அதே வாட் கீசர் போடுறது, இதெல்லாம் யார் வேணா செஞ்சுக்கலாம். ஆனா பாத்ரூமுக்கு புதுசா லைன் இழுக்குறது, லோடு கூட்டுறது, வயரிங்க மாத்துறது எல்லாம் லைசென்ஸ் வாங்குன கான்ட்ராக்டர் மூலமாதான் நடக்கணும். தமிழ்நாட்ல அந்த லைசென்ஸ் குடுக்குறது கிண்டில இருக்குற மின் உரிமம் வழங்கும் வாரியம். வேலை செய்ய வர்றவர்கிட்ட கம்பியாள் (வயர்மேன்) தகுதிச் சான்று இருக்கான்னு கேளுங்க, கேக்குறது நம்ம உரிமை, அவர் கோச்சுக்கிட்டா வேற ஆள பாருங்க.

ஏன் இவ்ளோ கெடுபிடின்னா, 2000 வாட் கீசர் 230 வோல்ட்ல கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும், 3000 வாட் இன்ஸ்டன்ட் 13 ஆம்பியர். தண்டையார்பேட்ட, கொருக்குப்பேட்ட பக்கம் பழைய ஒண்டுக்குடித்தன வீட்ல லைட்டுக்கு இழுத்த மெல்லிசு வயர்ல, 6 ஆம்பியர் பிளக்ல இத சொருகினா பிளக் உருகி உள்ளயே புகையும். டிபில (வீட்டுக்குள்ள கரண்ட் பிரியிற பெட்டி) இருந்து தனி லைன், குறைஞ்சது 2.5 ஸ்கொயர் எம்எம் ஐஎஸ்ஐ காப்பர் வயர், 16 ஆம்பியர் பிளக், தனி எம்சிபி (கரண்ட் அதிகமானா தானா விழுற சுவிட்சு), ஆன் ஆஃப் சுவிட்சு பாத்ரூமுக்கு வெளிய, இவ்ளோவும் வேணும்.

எம்சிபி இருக்கே, ஷாக் அடிக்காதுன்னு நினைக்காதீங்க. அது ஓவர்லோடுக்கும் ஷார்ட்டுக்கும் மட்டும்தான் விழும், ஆள் மேல கரண்ட் பாயுறது அதுக்கு தெரியாது. அத கண்டுபிடிக்கிறது ஆர்சிசிபி, பழைய ஆளுங்க இஎல்சிபின்னு சொல்வாங்க, வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர்ல இருக்கணும்னு ரூலே இருக்கு. நம்ம பக்கம் போர் தண்ணி உப்பு, கீசர் உள்ள தண்ணிய சுட வைக்கிற காயில் மேல உப்பு படிஞ்சு படிஞ்சு ஒரு நாள் வெடிப்பு விட்டா கரண்ட் நேரா குளிக்கிற தண்ணிலயே வரும், அப்ப உயிர காப்பாத்துறது இந்த சின்ன பெட்டிதான். மாசம் ஒரு தடவ அதுல இருக்குற டெஸ்ட் பட்டன அமுக்குங்க, விழலன்னா மாத்திடுங்க.

எர்த்து இல்லாத வீட்ல நியூட்ரல்ல (கரண்ட் திரும்பிப் போற வயர்) இருந்தே ஒரு துண்டு வயர் எடுத்து எர்த் பின்னுல குடுக்குற வழக்கம் இருக்கு. தயவுசெஞ்சு அப்படி செய்ய விடாதீங்க. வெளிய நியூட்ரல் அறுந்தா கீசரோட இரும்பு பாடி முழுக்க கரண்ட் நிக்கும். தண்ணி பைப்புல எர்த் குடுக்குறதும் வேஸ்ட்டு, இப்ப பாதி பைப்பு பிளாஸ்டிக்.

அப்புறம் இந்த லோடு விஷயம். கீசர், ஏசின்னு சேர்ந்தா இபில பதிவான லோடு பத்தாது, கூடுதல் லோடுக்கு விண்ணப்பிக்கணும். பில்லு ஏறிடும்னு பயந்து நிறைய பேர் மறைக்கிறாங்க, ஆனா வீட்டு கனெக்‌ஷனுக்கு நிலைக்கட்டணத்த 2022லயே எடுத்துட்டாங்க, ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசமும் எல்லா வீட்டுக்கும் உண்டு. கட்ட வேண்டியது ஒரு தடவ கட்டுற கட்டணமும் டெபாசிட்டும்தான். வாடகை வீடுன்னா கனெக்‌ஷன் ஹவுஸ் ஓனர் பேர்ல இருக்கும், அவர்தான் விண்ணப்பிக்கணும், அவர்கிட்ட பேசிட்டு அப்புறம் கீசர் வாங்குங்க. கடையில டப்பால ஐஎஸ்ஐ முத்திரைக்கு கீழ இருக்குற நம்பர பிஐஎஸ் கேர்ங்கிற அரசு ஆப்ல போட்டு பாத்துக்கலாம்.

மழைக்காலத்துல வியாசர்பாடி மாதிரி தண்ணி நிக்கிற இடத்துல மீட்டர் பெட்டி வரைக்கும் ஏறிட்டா ஈரக் கையோட எதையும் தொடாதீங்க, மின்வாரியத்தோட புகார் மையம் மின்னகம் 94987 94987க்கு அடிச்சு லைன நிறுத்தச் சொல்லுங்க. தண்ணி வடிஞ்சதும் உடனே மெயின போட்டுடாம, வயர்மேன கூப்பிட்டு மெக்கர் (வயர்ல கரண்ட் கசியுதான்னு பாக்குற கருவி) வச்சு பாத்துட்டு போடுங்க.