சிபிசி நார்மல் என்றால் மாத்திரையை நிறுத்தலாமா?

இந்த மாதம் இன்னொருவர். நாற்பது வயது, சிஎம்எல் என்கிற நாள்பட்ட ரத்தப் புற்றுநோய்க்கு இமாடினிப் மாத்திரை சாப்பிட்டு வந்தவர். ஃபைலில் சிபிசி, அதாவது ரத்த அணுக்களை எண்ணும் பரிசோதனையின் ரிப்போர்ட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கி, டோட்டல் கவுண்ட் (வெள்ளை அணுக்களின் மொத்த எண்ணிக்கை) வரியை மட்டும் பேனாவால் வட்டமிட்டு வைத்திருக்கிறார். எல்லாம் நார்மல். அதைப் பார்த்துத்தான் மாத்திரையை நிறுத்தியிருக்கிறார். இப்போது இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல் கைக்குத் தட்டுப்படுகிறது. வெள்ளை அணுக்கள் ஒன்றரை லட்சம். “ரத்தம்தான் சுத்தமாயிடுச்சே டாக்டர்” என்கிறார் மனைவி.

ஆகவில்லை அம்மா.

9-வது குரோமோசோமும் 22-வதும் துண்டு மாற்றிக்கொள்வதால் வருகிற நோய் இது. மருந்து கட்டிப்போடுவது அதனால் உருவாகும் கோளாறான புரதத்தை. எலும்பு மஜ்ஜையில் பதுங்கியிருக்கும் நோயின் மூல அணுக்களை அது முழுசாக அழிப்பதில்லை. நோய் தெரியவரும்போது உடம்பில் தோராயமாக ஒரு லட்சம் கோடி புற்று அணுக்கள் இருக்கும். கவுண்ட் நார்மலுக்கு வந்துவிட்டது என்று நீங்கள் கோயிலுக்குப் போகிற நாளில்கூடப் பத்தாயிரம் கோடி மிச்சமிருக்கலாம். கல்யாணப் பந்தியில் இலை எண்ணுகிறவரைப் போலத்தான் சிபிசி மெஷின்: எத்தனை இலை என்று சொல்லும், அழையாமல் வந்து உட்கார்ந்தவர் யார் என்று சொல்லாது. அதைச் சொல்வது பிசிஆர் (PCR), ரிப்போர்ட்டில் BCR-ABL என்று சதவீதத்தில் போட்டிருக்குமே, அந்த மரபணுப் பரிசோதனை. 3 மாதத்தில் 10 சதவீதத்துக்குள், ஒரு வருடத்தில் 0.1-க்குள் வர வேண்டும். அந்த 0.1 என்பதே ஏறக்குறைய நூறு கோடி அணுக்கள். இவர் ஃபைலில் கடைசி பிசிஆர் எப்போது எடுத்தது என்று தேடினேன், ஒன்றுகூட இல்லை.

கோபம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. பிலடெல்பியாவில் நவல், ஹங்கர்ஃபோர்டு என்ற இரு ஆய்வாளர்கள், துண்டு மாறியதால் குட்டையாகிப்போன அந்த 22-வது குரோமோசோமைக் கண்டது 1960-ல். மாத்திரை வந்தது 2001-ல். நடுவில் மஜ்ஜை மாற்று முடியாதவர்களில் பெரும்பாலோர் சில வருடங்களில் போய்ச் சேர்ந்தார்கள். மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் விற்ற மருந்து இது. 2013-ல் உச்ச நீதிமன்றம் காப்புரிமையை மறுத்ததால்தான் மலிவான இந்தியத் தயாரிப்புகள் தடையின்றிக் கிடைக்கின்றன. அதை டப்பாவோடு பீரோவில் வைத்துவிட்டு, தெரியாத லேகியத்தை நக்குகிறார்கள்.

“நிறுத்தலாம்னு நெட்ல போட்டிருக்கே?” உண்மைதான். பல வருடம் மாத்திரை சாப்பிட்டு, பிசிஆர் குறைந்தது 2 வருடம் தொடர்ந்து 0.01-க்குக் கீழே நின்றவர்களுக்கு நாங்களே நிறுத்திப் பார்க்கிறோம். அதிலும் பாதிப் பேருக்குத் திரும்பி வருகிறது, பெரும்பாலும் முதல் ஆறு மாதத்தில். மாதாமாதம் பிசிஆர் பார்ப்பதால் உடனே பிடித்துவிடுகிறோம். நீங்களாக நிறுத்தினால் யார் பிடிப்பது? கண்காணிக்காமல் விட்டு, தீவிர ரத்தப் புற்றுநோயாக மாறி வந்தால் இந்த மாத்திரை மட்டும் போதாது.

அப்புறம், ரிப்போர்ட்டில் மரபணு என்ற வார்த்தையைப் பார்த்துவிட்டுப் பெண்ணுக்கு வரன் பார்ப்பதை நிறுத்தாதீர்கள். பிறவியில் வந்த மாற்றம் இல்லை இது. மஜ்ஜையில் ஏதோ ஒரு அணுவில் பிற்பாடு நேர்ந்தது. பிள்ளைகளுக்குப் போகாது.

சாப்பிட்ட பிறகு, ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு மாத்திரை. வெறும் வயிற்றில் போட்டுவிட்டுக் குமட்டுகிறது என்று சொல்லாதீர்கள். காலையில் கண் இமை வீங்கினாலோ, கெண்டைக்காலில் பிடித்து இழுத்தாலோ சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாமா, வேறு மருந்துக்கு மாற்றலாமா என்று பார்ப்போம். குழந்தை பெற்றுக்கொள்ள நினைக்கும் பெண்கள் முன்கூட்டியே வந்து பேசுங்கள், தள்ளிப்போன பிறகு அல்ல. பிசிஆரை முடிந்தவரை ஒரே லேபில் எடுங்கள். லேபுக்கு லேப் எண் மாறும்.

ஏற்கெனவே நிறுத்திவிட்டவர்கள், திட்டுவார் என்று பயந்து வராமல் இருக்காதீர்கள். திட்டுவேன்தான். இருந்தாலும் மிச்சமிருக்கும் மாத்திரையையும் பழைய ரிப்போர்ட்டுகளையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே வாருங்கள்.