சம்பளச் சீட்டில் எந்த வரியைப் பார்ப்பார்கள்? தென்னாப்பிரிக்காவில் வீட்டு உதவிக்கான வருமான வரம்புகள்

டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நாலைந்து பேர் உட்கார்ந்து ஜனங்களுக்குப் படிவம் நிரப்பித் தருகிறோம். போன வாரம் தையல் ஃபேக்டரியில் வேலை பார்க்கும் அக்கா ஒருவர் வந்தார். கணவர் இறந்துவிட்டார், பள்ளியில் படிக்கும் மகள் ஒருத்தி. தங்கை வீட்டின் பின்னால் ஒரே ஒரு அறையில் குடியிருக்கிறார்கள். சம்பளச் சீட்டை மேசையில் விரித்து, கடைசி வரியில் விரலை வைத்தார்.

"3,471 ராண்ட் தம்பி. 3,500-க்கு உள்ளேதானே இருக்கு? ஆர்.டி.பி. வீட்டுக்கு எழுதிப் போடு."

ஆர்.டி.பி. என்றால் அரசாங்கம் இலவசமாகக் கட்டித் தரும் வீடு. ஆனால் சீட்டின் மேல்பகுதியில் 3,920 என்று இருந்தது. யூ.ஐ.எஃப். (வேலையிழப்புக் காப்பீட்டு நிதி) 39, பிராவிடென்ட் ஃபண்ட் 290, ஃபியூனரல் பாலிசி (ஈமச் செலவுக் காப்பீடு) 120, எல்லாம் பிடித்தது போக மிஞ்சியதுதான் 3,471. அரசாங்கம் கணக்கில் எடுப்பது அந்த மேல் வரியை, அதாவது பிடித்தம் போகும் முன்னால் உள்ள மொத்தச் சம்பளத்தை. கணவன் மனைவி இருவரும் சம்பாதித்தால் இரண்டையும் கூட்டிப் பார்ப்பார்கள். நிறைய பேர் தடுக்கி விழும் இடம் இதுதான். அதனால் முதலில் சீட்டில் மேல் வரியைப் பாருங்கள், அப்புறம் கீழே உள்ள வரம்புகளைப் படியுங்கள்.

குடும்பத்தின் மாத வருமானம் 3,500 ராண்டுக்கு மேல் போகாமல் இருந்தால் ஆர்.டி.பி. வீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். 2004-லிருந்து இதன் அரசாங்கப் பெயர் வேறு, ஆனாலும் ஊரில் எல்லோரும் சொல்வது ஆர்.டி.பி.தான். 40 சதுர மீட்டர், இரண்டு படுக்கை அறை, கடன் இல்லை, வீடு உங்கள் பெயரில். ஒரு கட்டுப்பாடு உண்டு: முதல் 8 வருடத்துக்குள் விற்க நினைத்தால் முதலில் அரசாங்கத்திடம்தான் திருப்பித் தர முன்வர வேண்டும்.

இந்த 3,500 என்ற வரம்பு 1994-ல் வைத்தது. இன்னும் அப்படியே நிற்கிறது. 2025 மார்ச்சில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ராண்ட் ஆனது. வாரம் 45 மணி நேரம் அந்தக் கூலிக்கு உழைப்பவருக்கு மாதம் சுமார் 5,600 ராண்ட் வரும். அப்படியென்றால் சட்டம் சொல்லும் மிகக் குறைந்த கூலியை முழு நேரம் வாங்குகிற ஒருவரே இந்த வரம்பைத் தாண்டிவிடுகிறார். இது நியாயமே இல்லை என்பது என் உறுதியான எண்ணம். முப்பது வருடத்தில் ரொட்டி விலை ஏறியது, டாக்ஸிக் கட்டணம் ஏறியது, இந்த எண் மட்டும் ஏறவில்லை.

3,500-க்குள் இருந்தாலும் உடனே வீடு கிடைத்துவிடும் என்று எண்ணிவிட வேண்டாம். வயதானவர்கள், உடல் ஊனமுற்றவர்கள், முன்னாள் படைவீரர்கள், பெரியவர்கள் இல்லாமல் பிள்ளைகளே நடத்தும் குடும்பங்கள், இவர்களுக்குத்தான் முன்னுரிமை என்று 2020-ல் அறிவித்துவிட்டார்கள். மற்றவர்களுக்கு வீட்டைவிட, தண்ணீரும் கழிவுநீர் இணைப்பும் உள்ள மனை கொடுப்பதில்தான் இப்போது கவனம்.

3,501 முதல் 22,000 வரை வாங்குபவர்களுக்கு ஃபர்ஸ்ட் ஹோம் ஃபைனான்ஸ். முன்பு ஃபிலிஸ்ப் என்று கேள்விப்பட்டிருப்பீர்களே, அதேதான். இது வீடு வாங்க ஒரே ஒரு தடவை தரும் மானியம், திருப்பிக் கட்ட வேண்டாம். 2023 ஏப்ரல் கணக்குப்படி 38,911 முதல் 1,69,265 ராண்ட் வரை. வருமானம் குறையக் குறைய மானியம் கூடும். ஆனால் மீதிப் பணத்துக்கு வழி காட்ட வேண்டும். முன்பு வங்கியின் வீட்டுக் கடன் இருந்தால்தான் உண்டு, 2022-லிருந்து மற்ற வகைக் கடன்களும் சேமிப்பும்கூடச் செல்லும். அக்கா இந்த வரம்புக்குள் வருகிறார். சரி, 3,920 ராண்ட் சம்பளத்துக்கு எந்த வங்கி வீட்டுக் கடன் தரும்? அதை மறைக்காமல் அவரிடம் சொல்லிவிட்டோம்.

அவருக்குப் பொருந்துவது மூன்றாவது வழி: சோஷியல் ஹவுசிங். இது வாடகைக் குடியிருப்பு. எத்தனை வருடம் இருந்தாலும் சொந்தமாகாது, ஆனால் வேலைக்குப் போய்வர வசதியான இடத்தில், வெளி வாடகையைவிடக் குறைவாக இருக்கும். 2008-ல் வந்த சட்டத்தின் கீழ் நடக்கிறது. வருமான வரம்பு 2022-லிருந்து 1,850 முதல் 22,000 ராண்ட் வரை. அதிலும் 6,700 வரை வாங்குபவர்கள் ஒரு பிரிவு, அதற்கு மேல் இன்னொரு பிரிவு. ஒவ்வொரு குடியிருப்பிலும் குறைந்தது 30 சதவீத வீடுகள் முதல் பிரிவுக்கு ஒதுக்கியாக வேண்டும். வரம்பை உயர்த்த முடியும் என்பதற்கு இதுவே சாட்சி: 2022-க்கு முன்னால் மேல் வரம்பு 15,000-ஆகத்தான் இருந்தது.

வருமானம் சரியாக இருந்தும் விண்ணப்பம் திரும்பி வருவது உண்டு. ஆர்.டி.பி. வீட்டுக்கும் ஃபர்ஸ்ட் ஹோமுக்கும் நீங்கள் குடிமகனாகவோ நிரந்தர வசிப்புரிமை உள்ளவராகவோ இருக்க வேண்டும், 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், இதற்கு முன் வீட்டு மானியம் வாங்கியிருக்கக் கூடாது. துணையோ, உங்களை நம்பி வாழும் பிள்ளையோ பெற்றோரோ இருக்க வேண்டும். தனியாக இருந்தாலும் 60 வயது தாண்டியவரும் ஊனமுற்றவரும் ஆர்.டி.பி.க்கு விண்ணப்பிக்கலாம்.

நம் வீடுகளில் அடிக்கடி வரும் கேள்வி ஒன்று. கோயிலில் தாலி கட்டினோம், பதிவு செய்யவில்லை, என்ன செய்வது? கோயிலில் மட்டும் நடந்து, பதிவாகாத திருமணத்தைச் சட்டம் முழுத் திருமணமாக ஏற்பதில்லை. ஆனாலும் சேர்ந்து வாழும் தம்பதியாக விண்ணப்பிக்கலாம், பிரமாணப் பத்திரம் ஒன்று எழுதி வையுங்கள். அப்படி விண்ணப்பித்தால் துணையின் வருமானமும் கூட்டலில் வரும்.

அடையாள எண்ணைத் தட்டியதும் உங்கள் பெயரில் ஏற்கெனவே சொத்தோ மானியமோ இருக்கிறதா என்று கணினி காட்டிவிடும். பிரிந்துபோன கணவரோடு முன்பு எழுதிய பழைய விண்ணப்பம் அதில் கிடந்தால், முதலில் மாகாண வீட்டு வசதி அலுவலகத்தில் அதைக் கேட்டுத் தெளிவாக்குங்கள். வருமானத்தைக் குறைத்து எழுதாதீர்கள், யூ.ஐ.எஃப். பதிவோடு ஒத்துப் பார்க்கும்போது தெரிந்துவிடும். படிவத்துக்கோ பட்டியலில் பெயர் சேர்க்கவோ கட்டணம் கிடையாது. 'உள்ளே ஆள் இருக்கு' என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். சம்பளமோ முகவரியோ ஃபோன் எண்ணோ மாறினால் போய்த் திருத்திவிட்டு வாருங்கள்.

அக்கா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சோஷியல் ஹவுசிங் படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, மகளின் பிறப்புச் சான்றிதழையும் கணவரின் இறப்புச் சான்றிதழையும் பையிலிருந்து எடுத்தார். வருமானம் என்ற கட்டத்தில் அவரே தன் கையால் 3,920 என்று எழுதினார்.