“அந்த வயித்துக்குத்துக் குளிசையில பத்துத் தாங்கோ”

மருந்துக்கடைக் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்கிற எனக்கு இந்த வசனம் மனப்பாடம். கையில் டொக்டர் எழுதிய துண்டு இருக்காது, மருந்தின் பெயரும் தெரியாது. சிலர் பழைய அட்டையில் கத்தரித்த ஒரு மூலையைக் கொண்டுவருவார்கள். அதிலும் பெயர் இருந்த பக்கத்தை ஏற்கனவே யாரோ வெட்டிவிட்டிருப்பார்கள், மிச்சம் இருப்பது “பியூட்டைல்” என்ற அரைச்சொல்லும் காலாவதித் திகதியின் பாதியும்தான்.

அப்படி வந்தவர்தான் எழுபதைத் தாண்டிய அந்த ஐயா. (அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) ஆனால் அன்றைக்கு அவர் கேட்டது வயிற்றுக்கு இல்லை.

“பிள்ளை, சலம் போறதுக்கு ஏதும் குளிசை இருக்கோ? நேற்றுப் பின்னேரம் துவக்கம் சொட்டுச் சொட்டாத்தான் போகுது.”

அடிவயிற்றைக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். புதிதாக ஏதும் மருந்து எடுத்தீர்களா என்று கேட்டால் இல்லை என்றார். விடாமல் கேட்கக் கேட்கத்தான் வெளியே வந்தது. அவருக்கு ஐ.பி.எஸ் இருக்கிறது. (படங்களில் வரும் பொலிஸ் அதிகாரி இல்லை, குடலைப் படம் எடுத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஆனால் குத்து, வாயு, ஒருநாள் வயிற்றோட்டம் ஒருநாள் மலச்சிக்கல் என்று ஆளை அலைக்கழிக்கிற வருத்தம்.) அதற்கு மெபெவரின் எடுத்து வந்திருக்கிறார், அது முடிந்துவிட்டது. பக்கத்து வீட்டில் லண்டனிலிருந்து வந்த மகள் விட்டுப்போன வயிற்றுக்குத்துக் குளிசைப் பெட்டி இருந்தது. “எல்லாம் ஒரே சாமான்தானே” என்று மூன்று நாளாக நேரத்துக்கு இரண்டு போட்டிருக்கிறார்.

அது ஹையோசின் பியூட்டைல்புரோமைட். ஐயாவுக்கோ சலப்பைக்குக் கீழே இருக்கிற புரோஸ்டேட் சுரப்பியில் வீக்கம், அதற்கு கிளினிக்கில் மருந்து. போதாததற்குச் சீனி வருத்தத்தால் வந்த கால் எரிவுக்கு இரவில் அமிற்றிப்டிலின். நான் எதையும் விற்கவில்லை, மகனைக் கூப்பிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். ரியூப் போட்டுத்தான் சலம் எடுத்தார்கள்.

ஏன் இப்படி நடந்தது? குடல் தசையைச் சுருங்கச் சொல்கிற அசெற்றைல்கோலின் என்ற இரசாயனம் குடலுக்கு மட்டும் வேலை செய்வதில்லை. சலப்பையைச் சுருக்குவதும் அதுதான், வாயில் எச்சில் ஊற வைப்பதும், வியர்க்க வைப்பதும், கண்மணியைச் சிறுக்க வைப்பதும் அதுதான். ஹையோசின், டைசைக்ளோமின் போன்ற குத்து மருந்துகள் அந்தச் செய்தியை மறிக்கின்றன. குத்து அடங்கும், சரி. கூடவே வாய் வறளலாம், பார்வை மங்கலாம், நெஞ்சு படபடக்கலாம், மலம் இறுகலாம், புரோஸ்டேட் வீங்கியவருக்குச் சலம் அடைத்தும் போகலாம். மெபெவரின் வேறு வகை. அது குடல் தசையிலேயே நேராக வேலை செய்வதால் இந்தத் தொல்லைகள் அதில் மிகக் குறைவு. “வயிற்றுக்குத்துக் குளிசை” என்று ஒரு பெயருக்குள் இரண்டு குடும்பத்து மருந்துகள் இருக்கின்றன, சண்டை அங்கேதான் தொடங்குகிறது.

அமிற்றிப்டிலினும் அதே செய்தியை மறிக்கிறது. தும்மலுக்கும் கடிக்கும் எல்லா வீட்டிலும் கிடக்கிற குளோர்பெனிரமினும் அப்படித்தான். ஒவ்வொன்றும் தனியே பார்த்தால் சாதுவான மருந்து போலத்தான் தெரியும், மூன்றும் ஒரு வயோதிபரின் உடம்பில் சேர்ந்தால் சலம் அடைப்பதோடு ஆள் தடுமாறிக் கதைக்கவும் தொடங்கலாம். வீட்டார் “அப்பாவுக்கு அறளை பேர்ந்துவிட்டது” என்று நினைப்பார்கள். சத்திக்குத் தருகிற டொம்பெரிடோன் இதற்கு நேர் எதிர்ப்பக்கம் இழுக்கும், இரண்டையும் ஒன்றாகப் போட்டுவிட்டு ஒன்றும் கேட்கவில்லை என்று வருகிறவர்களும் உண்டு.

கண் பிரஷர் இருக்கிறது என்று சொல்லப்பட்டவர்கள், அதிலும் கோணம் ஒடுங்கிய வகை என்றால், ஹையோசினையும் டைசைக்ளோமினையும் தாங்களாக வாங்கவே கூடாது. குளிசை போட்ட பிறகு கண் சிவந்து, வலித்து, விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தால் விடியும்வரை பார்த்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், வாகனம் இல்லாவிட்டால் 1990 அம்புலன்சைக் கூப்பிடுங்கள். தசைக்களைப்பு நோயான மயஸ்தீனியா உள்ளவர்களுக்கும் இவை ஆகாது. சித்திரை வெயிலில் வெங்காயத் தோட்டத்தில் நிற்கிறவர்களுக்கு இன்னொன்று: வியர்வை குறைந்தால் உடம்புச் சூடு இறங்க வழியில்லை. டைசைக்ளோமின் துளிமருந்தை ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு, அம்மம்மா எவ்வளவு சொன்னாலும், கொடுக்க வேண்டாம், மூச்சு பாதிக்கப்படலாம்.

மெபெவரின் எடுக்கிறவர்களிடம் எனக்கு ஒரேயொரு சண்டைதான், நேரம். 135 மில்லிகிராம் குளிசையைச் சாப்பாட்டுக்கு ஏறக்குறைய 20 நிமிடம் முன்னர் போட வேண்டும். நாங்கள் கடதாசி உறையில் “முன்” என்று அடையாளம் போட்டுக் கொடுப்போம், வீட்டில் இடியப்பத்தையும் சொதியையும் எதிரே வைத்துக்கொண்டு ஒரு மிடறு தண்ணீரில் விழுங்குவார்கள். குடல் சாப்பாட்டைக் கண்டுதான் இறுக்கத் தொடங்குகிறது, மருந்து அதற்கு முன்னரே அங்கே நிற்க வேண்டாமா? 200 மில்லிகிராம் கப்ஸ்யூல் மெதுவாகக் கரைவது, பெரும்பாலும் நாளுக்கு இரண்டு, அதைத் திறந்து கொட்டாமல் முழுதாக விழுங்குங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் பெப்பர்மின்ற் எண்ணெய்க் கப்ஸ்யூலும் அப்படித்தான். சப்பினால் வாயும் தொண்டையும் எரியும், வயிற்று அமிலத்தைத் தணிக்கிற மருந்தோடு சேர்த்து விழுங்கினால் மேலுறை இரைப்பையிலேயே கரைந்து நெஞ்செரிவு வரும்.

குத்து அடங்கிச் சில வாரம் போனதும் குறைத்துப் பார்க்கலாமா என்று டொக்டரிடம் கேளுங்கள். அடங்கவே இல்லை என்றாலும் அவரிடம்தான் போக வேண்டும், என்னிடம் அடுத்த அட்டைக்கு இல்லை. ஐம்பது வயதுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கிய குத்து, மலத்தில் இரத்தம், தானாக மெலிவது, நித்திரையிலிருந்து எழுப்புகிற வயிற்றோட்டம், இரத்தசோகை, குடும்பத்தில் குடல் புற்றுநோய், இவற்றில் ஒன்று இருந்தாலும் அதை ஐ.பி.எஸ் என்று நீங்களே முடிவு கட்ட வேண்டாம். வயிறு ஊதி, காற்றும் பிரியாமல், சத்தியும் வந்தால் எந்தக் குளிசையும் போடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், அது குடல் அடைப்பாக இருக்கலாம்.

துண்டு இல்லாமல் கேட்டால் நான் நாலு கேள்வி கேட்பேன். கண் பிரஷர் இருக்கோ, சலம் போறதில கஷ்டம் இருக்கோ, வேற என்ன குளிசை எடுக்கிறியள், எத்தனை நாளாக் குத்து? பின்னால் வரிசை நின்றாலும் கேட்பேன், சிலர் முகத்தைச் சுளித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். ஐயா இப்போது வரும்போது கிளினிக் கொப்பியையும் குளிசை எல்லாம் போட்ட ஒரு சொப்பின் பையையும் கொண்டுவந்து கவுண்டரில் அப்படியே கொட்டிவிடுவார். போன கிழமை அதற்குள் இரண்டு குளோர்பெனிரமின் கிடந்தது, யார் தந்தது என்று கேட்டால் பக்கத்து வீடாம்.