ஹார்ட் டிஸ்க்ல எது "ஹார்ட்"? வன்தட்டா, வன்வட்டா, நிலைவட்டா?

புதுசா கேமிங் பிசி போடப்போற பசங்க கிட்ட பேசினா பாதிப்பேரு சொல்றது ஒண்ணுதான், "அடுத்த ஸ்பீடு ஹார்ட் டிஸ்க் வரட்டும்ணா, அதுக்குத்தான் வெயிட் பண்றேன்". எதுப்பா அதுன்னு கேட்டா என்விஎம்இ எஸ்எஸ்டியைச் சொல்றாங்க, அதாவது சுத்துற தட்டு எதுவும் இல்லாம சிப்லயே ஃபைலைச் சேமிக்கிற வேகமான வகை. அதுக்குள்ள டிஸ்க்கே கிடையாதே! அதனால இந்தச் சொல்லு எங்கிருந்து வந்துச்சு, தமிழ்ல எதை என்னன்னு கூப்பிடணும்னு ஒழுங்கா எழுதி வச்சிடலாம்னு தோணுச்சு.

முதல் ஹார்ட் டிஸ்க் 1956ல ஐபிஎம் கொண்டுவந்தது. ராமாக்னு ஒரு கம்ப்யூட்டர், அதோட சேர்ந்து வந்த 350ங்கற பெட்டி, உள்ள 24 இன்ச் அகலத்துல 50 தட்டு, நிமிஷத்துக்கு 1200 சுத்து, அவ்வளவு பெரிய பெட்டியில பிடிச்சது நாலு எம்பிக்கும் கம்மி. ஆனா அப்ப அதை யாரும் "ஹார்ட்"னு சொல்லல, வெறும் டிஸ்க்தான். 1971ல அதே ஐபிஎம் 8 இன்ச் ஃபிளாப்பியை விட்டாங்க, அது கழட்டி எடுத்துக்கிட்டுப் போகக்கூடிய, வளையுற பிளாஸ்டிக் டிஸ்க், அது வந்த பிறகுதான் பழசைப் பிரிச்சுக் காட்ட வேண்டிய தேவை வந்துச்சு, வளையாத கெட்டியான அலுமினியத் தட்டுங்கறதால ஹார்ட். ஃபிளாப்பி இன்னிக்கு செத்துப்போச்சு, அதுக்காக வச்ச அடைமொழி மட்டும் ஒட்டிக்கிட்டு நிக்குது.

டிஸ்க்ங்கறது கிரேக்கத்துல டிஸ்காஸ், எறியுற வட்டு, அந்த மொழியில "எறி"ங்கற வினையோட சேர்ந்த சொல். இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். நம்ம ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் டேல வட்டு எறிதல்னு சொல்றோமே, அது அதே விளையாட்டு. வட்டுங்கறது நேத்து கலைச்சொல்லுக்காக உண்டாக்குனதும் இல்ல, குறள்லயே "அரங்கின்றி வட்டாடி யற்றே"ன்னு வருது, கட்டம் கீறாம வட்டை உருட்டி விளையாடுற மாதிரின்னு உவமை. அதாவது கைல பிடிச்சு உருட்டுற, சுத்தவிடுற பொருளுக்கு நம்ம கிட்ட ரெண்டாயிரம் வருஷத்துப் பக்கமா சொல் இருக்கு.

தமிழ்ல மூணு பேரு புழங்குது: வன்தட்டு, வன்வட்டு, நிலைவட்டு. நிலைவட்டு ஃபிக்சட் டிஸ்க்ங்கற பேரை வச்சு வந்தது, ஃபிளாப்பி மாதிரி கழட்டி எடுக்க முடியாம பெட்டிக்குள்ளயே நிலையா இருக்குறதால. இப்ப யுஎஸ்பில சொருகி பாக்கெட்ல போட்டுக்கிட்டு போறோம், அதுக்குப் போய் நிலைவட்டுன்னா பொருந்தல. வன்தட்டு தப்பில்ல, இங்கிலீஷ் டிஷ்ஷும் அதே டிஸ்காஸ்ல இருந்து பிறந்ததுதான், ஆக தட்டுன்னு சொல்றவங்களுக்கும் நியாயம் இருக்கு. ஆனா புணர்ச்சி பாத்தா வன்னும் தட்டும் சேர்ந்தா வன்றட்டுன்னு ஆகணும், சுந்தரரை வன்றொண்டர்னு எழுதுறோம்ல, அந்தக் கணக்குதான். வன்றட்டுன்னு யாரும் எழுதப்போறதில்ல, எழுதினா படிக்கிறவன் திணறுவான். வன்வட்டுல அந்தச் சிக்கலே இல்ல, சுத்துறதும் சொல்லுலயே தெரியுது. என் ஓட்டு வன்வட்டுக்குத்தான்.

சுத்துறதுன்னு ஏன் அழுத்திச் சொல்றேன்னா இந்தப் பொருளோட உயிரே அதுல இருக்கு. நிமிஷத்துக்கு 7200 சுத்துன்னா ஒரு சுத்துக்கு 8.3 மில்லிசெகண்ட், உங்க ஃபைல் இருக்குற இடம், அதைப் படிக்கிற ஹெட்டுக்குக் கீழ வந்து சேர சராசரியா அதுல பாதி நேரம் சும்மா காத்திருக்கணும். கேம்ல மேப் லோடாகும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல், ஒவ்வொண்ணுக்கும் இந்தக் காத்திருப்புன்னா யோசிச்சுப் பாருங்க. அதனாலதான் 2003ல வெஸ்டர்ன் டிஜிட்டல் ராப்டர்னு 10,000 சுத்து டிரைவை விட்டப்ப கேமர்கள் அப்படி வாங்கினாங்க, 36 ஜிபிதான், ஆனா காத்திருப்பு 3 மில்லிசெகண்டா குறைஞ்சுது. 2008ல வெலாசிராப்டர், 300 ஜிபி, உள்ள இருந்தது சின்ன 2.5 இன்ச் டிரைவ், ஹெட் நகர வேண்டிய தூரமும் கம்மி, சுத்தி சூட்டை வெளியேத்துற பெரிய ஹீட் சிங்க். வன்வட்டை கேமுக்காக முறுக்குற முயற்சி கிட்டத்தட்ட அங்கயே உச்சத்தைத் தொட்டுச்சு, அதுக்கு மேல எஸ்எஸ்டி வந்துடுச்சு.

எஸ்எஸ்டின்னா சாலிட் ஸ்டேட் டிரைவ். அதுல சாலிட்ங்கறதை நிறைய பேரு கெட்டின்னு புரிஞ்சுக்கிறாங்க, ஹார்டும் சாலிடும் ஒண்ணுன்னு கலந்துடறாங்க. அது இல்ல. வெற்றிடக் குழாய்ல ஓடின எலக்ட்ரான், டிரான்சிஸ்டர் வந்தப்புறம் திண்மப் பொருளுக்குள்ளயே ஓட ஆரம்பிச்சுதுல்ல, அந்த இயற்பியல்ல இருந்து வந்த சொல் சாலிட் ஸ்டேட், திண்மநிலை. அடுத்து டிரைவ். இயக்கின்னு சிலர் எழுதுறாங்க, அது டிரைவர் சாஃப்ட்வேருக்கு ஏற்கெனவே போயாச்சு, இயக்ககம் பரவால்ல, ஆனா இயங்குற பாகமே இல்லாததுக்கு அது எதுக்கு? திண்மநிலைச் சேமிப்பகம்னு சொல்லலாம், பேச்சுல சுருக்கி சேமிப்பகம்னாலே போதும். 7200 சுத்து வன்வட்டு செகண்டுக்கு 200 எம்பி சுமாரா கொடுக்கும், பிசிஐஇங்கற இணைப்போட அஞ்சாம் தலைமுறையில வர்ற சேமிப்பகம் 14 ஜிபி வரைக்கும் போகுது, இவ்வளவு தூரம் விலகிப்போன ரெண்டு பொருளை ஒரே பேர்ல கூப்பிட்டா வாங்குறவனுக்குத்தான் குழப்பம்.

அதுக்காக வன்வட்டுங்கற சொல்லுக்கு வேலை முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க. 2024 ஜனவரியில வன்வட்டு தயாரிக்கிற சீகேட் கம்பெனி அறிவிச்ச டிரைவ்ல லேசர் வச்சு வட்டை ஒரு கணம் சூடாக்கி எழுதுறாங்க, ஒரு வட்டுக்கு 3 டிபி, பத்து வட்டு, மொத்தம் 30 டிபி. ஒவ்வொரு கேமும் 100 ஜிபியைத் தாண்டிக்கிட்டு இருக்குற காலத்துல, இப்ப விளையாடாததை எல்லாம் போட்டு வைக்க இந்த மாதிரி ஒண்ணு வீட்டு விலைக்கு இறங்கி வரணும்னுதான் நான் காத்திருக்கேன். இது கண்ணாடி வட்டு, வளையாது, நிமிஷத்துக்கு 7200 தடவை சுத்துது, இதைத் தாராளமா வன்வட்டுன்னு கூப்பிடுங்க.